மாயக் கோப்புகளுக்கு எங்கே இடம்?

சென்ற ஐப்பசியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் இழப்பு நேர்ந்தது. முதுகலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் மழைக்கும் பின்னணிக் கதிரியக்கத்திற்கும் உள்ள தொடர்பைத் தம் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டிருந்தார். காற்றில் எப்போதும் சிறிதளவு ரேடான் வாயு உண்டு. அது சிதைவதால் தோன்றும் காரீயம்-214, பிஸ்மத்-214 ஆகிய அணுக்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு மிதக்கின்றன. மழை பெய்தால் அவை கழுவப்பட்டுத் தரைக்கு வருகின்றன. தரைமட்டத்தில் கதிரியக்கம் சற்றே உயர்கிறது. இவற்றின் அரை ஆயுட்காலம் முறையே சுமார் 27 நிமிடமும் 20 நிமிடமும் ஆகும். ஆகவே மழை நின்ற சில மணி நேரத்தில் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்வதே அவர் நோக்கம்.

மொட்டைமாடிக் கொட்டகையில் கைகர்-முல்லர் எண்ணி ஒன்றை வைத்து, கீழே லினக்ஸ் ஓடும் கணிப்பொறியுடன் இணைத்து, நொடிக்கு ஒரு வரி வீதம் எண்ணிக்கை பதிவாகும்படி செய்திருந்தார். மூன்று வாரம் வானம் பார்த்துக் காத்திருந்த பிறகு ஓரிரவு நல்ல மழை பிடித்தது. மழையோடு மின்சாரமும் நின்றது. யூ.பி.எஸ். சிறிது நேரம் தாங்கி ஓய்ந்தது. விடியற்காலையில் மின்சாரம் திரும்பி, கணிப்பொறியும் தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கியிருந்தது. நான் கல்லூரிக்குள் நுழைந்ததும் மாணவர் எதிரே ஓடி வந்தார்.

"சார், ஃபோல்டரே காலியா இருக்கு சார். நான் எதையுமே அழிக்கல."

அவர் சொன்னது உண்மைதான். யாரும் எதையும் அழிக்கவில்லை. அந்தக் கோப்பு வட்டில் எழுதப்படவே இல்லை என்பதுதான் செய்தி. தவறு என்னுடையது. பழைய கணிப்பொறியில் பல ஆண்டுகள் ஓடிய பதிவு நிரலைப் புதியதற்கு மாற்றியபோது, "பாதையைப் பழையபடியே விட்டுவிடு" என்று சொன்னவன் நான்தான். பாதை மாறவில்லை, பாதையின் முடிவில் இருந்த பொருள் மாறிவிட்டது.

எப்படி மாறியது? இதற்கு விடை தேடினால், யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகளில் வட்டே இல்லாத கோப்புத் தொகுதிகள் சில உண்டு என்பதும், அவற்றை எங்கே பொருத்துவது என்பது எவ்வளவு பொறுப்பான முடிவு என்பதும் தெரியவரும். இடையில் வரும் பாதைப் பெயர்களை ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன். கணிப்பொறியில் பழகியவர்கள் மூலப் பெயர்களை எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரே மரம், பல வட்டுகள்

யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய அமைப்பு. அதில் கோப்புகள் எல்லாம் ஒரே மரமாக அமைந்திருக்கும். மரத்தின் வேர் ஒரு தனிச் சாய்கோடு. வேரிலிருந்து அடைவுகள் கிளைக்கின்றன. அடைவுக்குள் அடைவுகள், அவற்றுள் கோப்புகள். ஃபோல்டர் என்று நாம் பேச்சில் சொல்வதே அடைவு. வட்டுக்கு வட்டு ஓர் எழுத்தைப் பெயராக வைக்கும் வழக்கம் இங்கே கிடையாது. இரண்டாவது வட்டு ஒன்று வந்தால், இருக்கும் மரத்தில் ஏதேனும் ஓர் அடைவைத் தேர்ந்து, அங்கே அதனைப் பொருத்த வேண்டும். அந்த அடைவே பொருத்துமிடம். அதன்பின் அந்த அடைவுக்குள் நுழைபவர், தம்மையறியாமலே இரண்டாவது வட்டுக்குள் நுழைகிறார்.

1971-ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே பொருத்தும் கட்டளை இடம்பெற்றிருந்தது. 1974-இல் ரிட்சியும் தாம்சனும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தங்கள் நிலையத்தின் அமைப்பை விவரித்துள்ளனர். 1 மெகாபைட் கொள்ளளவுள்ள சிறு வட்டில் வேர் இருந்தது. 40 மெகாபைட் பெரிய வட்டில் பயனாளர்களின் கோப்புகள் இருந்தன. அமைப்பு தொடங்கும்போது பெரியது சிறியதன் மேல் பொருத்தப்பட்டது.

பொருத்துதல் என்பதை ஒட்டுமாங்கன்று போலக் கற்பனை செய்யத் தோன்றும். ஆனால் அந்த உவமை ஓரிடத்தில் பிழைபடும். சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. அதே ஆணியில் அதன் மேலேயே நாட்காட்டியை மாட்டுகிறோம். படம் கிழியவில்லை, காணாமலும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நாட்காட்டியைக் கழற்றினால் படம் மீண்டும் தெரியும். பொருத்துமிடத்தில் ஏற்கெனவே கோப்புகள் இருந்தால் அவையும் அப்படியே மறைகின்றன. மறைந்தபடியே வட்டில் இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. வட்டு நிரம்பிவிட்டது என்று கணிப்பொறி முறையிடும். எந்த அடைவைக் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். இந்த நாட்காட்டி உவமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் தேவைப்படும்.

மாய பிம்பமும் மாயக் கோப்பும்

பள்ளி இயற்பியலில் மெய் பிம்பம், மாய பிம்பம் என்று படித்திருக்கிறோம். குவிலென்சு உண்டாக்கும் மெய் பிம்பத்தைத் திரையில் பிடிக்கலாம். சமதள ஆடியின் பின்னால் தோன்றும் மாய பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது. ஆடியின் பின்புறம் சென்று தேடினால் அங்கே சுவர்தான் இருக்கும். ஆயினும் அது பொய்யன்று. அதைப் பார்த்துத்தான் நாம் தலை வாரிக்கொள்கிறோம்.

மாயக் கோப்பும் இத்தகையதே. லினக்ஸ் கணிப்பொறி ஒன்றின் முன் அமர்ந்து '/ப்ராக்' என்ற அடைவில் உள்ள 'அப்டைம்' என்ற கோப்பின் அளவைக் கேளுங்கள். பூச்சியம் பைட் என்று விடை வரும். அதே கோப்பைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்கள் வரும். முதல் எண், கணிப்பொறி தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்பது. சில நொடி கழித்து மறுபடியும் படித்தால் அது கூடியிருக்கும். கோப்பை யாரும் திருத்தவில்லை. நீங்கள் படிக்கும் அந்தக் கணத்தில், இயக்க அமைப்பின் மையமான கெர்னல் தன் கடிகாரத்தைப் பார்த்து விடையை எழுதித் தருகிறது. இரண்டாவது எண் பல சமயம் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும். அது மையச் செயலகத்தின் ஒவ்வொரு கருவும் சும்மா இருந்த நேரங்களின் கூட்டுத்தொகை. நான்கு கருக்கள் இருந்தால் ஒரு நொடியில் நான்கு நொடி ஓய்வு சேரக்கூடும்! மாணவர்களிடம் காரணம் சொல்லாமல் இதைக் காட்டி யோசிக்க விடுவது என் வழக்கம்.

இத்தகைய கோப்புகளுக்கு அவசியம் என்ன? ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒவ்வொன்றையும் நிரலோட்டம் என்று சொல்வோம். எந்தெந்த நிரலோட்டங்கள் நடக்கின்றன என்று பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளை, முற்காலத்தில் கெர்னலின் நினைவகத்தையே நேராகத் திறந்து, எந்த முகவரியில் எந்த அட்டவணை இருக்கிறது என்று கணக்கிட்டுப் படித்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அறிய ஓட்டைப் பிரித்து எட்டிப் பார்ப்பது போன்ற வேலை இது. கெர்னல் சிறிது மாறினாலும் கணக்குத் தவறும். 1984-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் டாம் கில்லியன் ஒரு நல்ல வழி கண்டார். ஒவ்வொரு நிரலோட்டத்தையும் /ப்ராக் அடைவில் ஒரு கோப்பாகக் காட்டிவிட்டால், கோப்பைத் திறக்கவும் படிக்கவும் தெரிந்த எந்த நிரலும் அதை ஆராயலாம்; யார் படிக்கலாம், யார் கூடாது என்பதற்குக் கோப்புகளுக்குரிய அனுமதி விதிகளே போதும். ஏறத்தாழ அதே காலத்தில் சன் நிறுவனத்தில் ஸ்டீவ் கிளைமனும் மற்றவர்களும் பலவகைக் கோப்புத் தொகுதிகளை ஒரே கெர்னலில் சேர்த்து வைக்கும் பொது அமைப்பை உருவாக்கினர். இவை இரண்டும் சேர்ந்து மாயக் கோப்புகளுக்குக் கதவைத் திறந்துவிட்டன. லினக்சில் /ப்ராக் 1992-லேயே வந்துவிட்டது.

ஓர் எளிய சோதனை. லினக்ஸ் உள்ள வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பாருங்கள். அவ்வட்டிலுள்ள 'ப்ராக்' அடைவு காலியாக இருக்கும். 'சிஸ்' அடைவும் காலி. ஆடியின் பின்புறச் சுவர் அதுதான். அந்தக் காலி அடைவு வெறும் ஆணி. ஆனால் அந்த ஆணி இல்லாவிட்டால் மாட்ட இடமில்லை.

முகவரி என்னும் வாக்குறுதி

வட்டில் இல்லாத கோப்புத் தொகுதியை மரத்தில் எங்கு வேண்டுமானாலும் பொருத்தலாம் அல்லவா? கெர்னலைப் பொறுத்தவரை ஆம். /ப்ராக்கை உங்கள் சொந்த அடைவுக்குள் ஒரு மூலையில் பொருத்தச் சொன்னால் அது மறுக்காது. ஆனால் பிஎஸ் கட்டளை அங்கே வந்து பார்க்காது. /ப்ராக் அதன் இடத்தில் இல்லாவிட்டால் பிஎஸ் வேலை செய்யாது. 'இந்தக் கட்டளையிட்டு /ப்ராக்கைப் பொருத்துக' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். '/டெவ்' அடைவில் திட்ட உள்ளீடு, திட்ட வெளியீடு என்ற பெயர்களில் தோன்றுபவைகூட உண்மையில் /ப்ராக்கின் உள்ளே கைகாட்டும் இணைப்புகளே. ஒரு கம்பத்தைப் பிடுங்கினால் எத்தனை வீட்டில் விளக்கு அணையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கடிதம் எழுதுபவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு எழுதுவதில்லை. நாம் வீடு மாறினால் பழைய முகவரிக்கே கடிதங்கள் வந்துகொண்டிருக்கும். பொருத்துமிடமும் அப்படி அறிவிக்கப்பட்ட ஒரு முகவரி. உலகில் எங்கோ ஒருவர் எழுதிய நிரலில் அது எழுத்துக்கெழுத்து பதிந்து கிடக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் அமைப்பில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. லினக்சுக்கென எழுதப்பட்ட நிரல்களையும் அது ஓட்டும். அந்நிரல்கள் லினக்ஸ் பாணி /ப்ராக்கைத் தேடும் என்பதால், அதற்கென ஒரு மாயக் கோப்புத் தொகுதியை '/கம்பாட்/லினக்ஸ்/ப்ராக்' என்ற ஒதுக்குப்புறத்தில் பொருத்துவது வழக்கம். லினக்ஸ் நிரலுக்கு மட்டும் அது /ப்ராக் என்றே தோன்றும்படி கெர்னல் பார்த்துக்கொள்கிறது. இதற்கு நேர்மாறான முடிவும் உண்டு. ஓப்பன்பிஎஸ்டி அமைப்பினர் 2015-இல் தங்கள் /ப்ராக்கையே நீக்கிவிட்டனர். அவர்களுடைய பிஎஸ் கட்டளை கெர்னலிடம் வேறு வழியாகக் கேட்டறிகிறது.

வேரடியில் கூட்டம்

லினக்சில் /ப்ராக் நாளடைவில் சமையலறை மேசையின் இழுப்பறையைப் போல் ஆகிவிட்டது. நிரலோட்டங்களுக்கென வந்த இடத்தில் நினைவக அளவு, வலையமைப்பு, கருவிகளின் விவரம் என்று கிடைத்ததெல்லாம் சேர்ந்தது. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 பதிப்பில், கருவிகளின் விவரத்திற்கென்றே '/சிஸ்' என்ற தனித் தொகுதி ஏற்பட்டது. அதை வடிவமைத்தவர் பாட்ரிக் மோசல்.

அதன் பிறகும் புதிய மாயத் தொகுதிகள் பிறந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் வேருக்கு நேர்கீழே ஓரிடம் கேட்டது. பாதுகாப்புக் கொள்கைக்கான தொகுதி '/எஸ்இலினக்ஸ்' என்று உட்கார்ந்தது. கெர்னல் ஆய்வாளர்களுக்கான பிழையறி தொகுதியைச் சிலர் '/டீபக்' என்று வைத்தனர். மற்றவர்கள் வேறிடத்தில் வைத்தனர். நிரலோட்டங்களைக் குழுக்களாகப் பிரித்து, இன்ன குழுவுக்கு இவ்வளவு நினைவகம் என்று பங்கிடும் சிகுரூப் வசதி 2008-இல் வந்தபோது குழப்பம் உச்சத்தை எட்டியது. ஒருவர் வேரடியில் '/சிகுரூப்' என்று பொருத்தினார். இன்னொருவர் /டெவ் அடைவுக்குள் பொருத்தினார். ஒருவருக்கென எழுதிய நிரல் மற்றவரின் கணிப்பொறியில் வழி தெரியாமல் நின்றது.

2010 அக்டோபரில் வந்த லினக்ஸ் 2.6.36 இதற்கு ஒரு முடிவு கட்டியது. '/சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்' என்ற காலி அடைவைக் கெர்னலே உருவாக்கி வைத்தது. எஸ்இலினக்சும் 2011-இல் /சிஸ் அடைவின் உள்ளே குடிபெயர்ந்தது. பிழையறி தொகுதிக்கு '/சிஸ்/கெர்னல்/டீபக்' என்ற இடம் உறுதியாயிற்று.

/சிஸ் அடைவுக்குள் வைப்பதில் என்ன சிறப்பு? பெயர் அழகு மட்டுமன்று. கணிப்பொறி தொடங்கும் முதல் சில நொடிகளில் வேர் வட்டு பெரும்பாலும் படிக்க மட்டுமே திறந்திருக்கும், எழுத முடியாது. புதிய பொருத்துமிடம் வேண்டும் என்றால் வட்டில் புதிய அடைவு எழுத வேண்டும். வேரடியில் ஆணி அறைய வேண்டும், ஆனால் சுவரைத் தொடக்கூடாது என்பதே நிலைமை. /சிஸ் அடைவுக்குள் அந்தத் தொல்லையில்லை. அங்கே அடைவை உண்டாக்குவது கெர்னல். வசதி இருந்தால் அடைவும் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. பயனாளர் எவரும் அங்கே கோப்பு எழுதி வைக்க முடியாதாகையால் நாட்காட்டியின் பின்னால் படம் மறையும் அச்சமும் இல்லை. என் கருத்தில், பொருத்துமிடத் தேர்வுகளில் மிகத் தெளிவாகச் செய்யப்பட்டது இதுவே.

இதற்கும் ஒரு விலை உண்டு என்பது 2016-இல் தெரிந்தது. இக்காலக் கணிப்பொறிகளின் தாய்ப்பலகையில் தொடக்க நிரல் தன் அமைப்பு விவரங்களை ஒரு சில்லில் வைத்திருக்கிறது. அவ்விவரங்கள் /சிஸ் மரத்தின் ஆழத்தில் 'இஎஃப்ஐவார்ஸ்' என்ற பெயரில் கோப்புகளாகத் தோன்றும். வேரிலிருந்து எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை யாரேனும் இட்டால், அது கிளை கிளையாக இறங்கி இக்கோப்புகளையும் அழிக்கும். வட்டுக் கோப்பு அழிந்தால் வட்டோடு போயிற்று. இங்கே அழிவது வன்பொருளின் உள்ளே இருக்கும் விவரம். சில மடிக்கணிப்பொறிகள் அதன்பின் தொடங்கவே மறுத்தன. புதிய வட்டு மாற்றியும் பயனில்லை. மாய பிம்பத்தின் மேல் கல்லெறிந்தால் உண்மை முகத்தில் காயம் பட்டது போலாயிற்று. அதே ஆண்டில் கெர்னலைத் திருத்தி, பொதுவாக அறியப்பட்ட சில கோப்புகள் தவிர மற்றவற்றை எளிதில் அழிக்க முடியாதபடி பூட்டினார்கள். மரத்தில் ஒன்றைத் தொங்கவிடும்போது, மரத்தையே வெட்டுபவர் வந்தால் அதற்கு என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முந்தி வரவேண்டியது முந்தி வரவேண்டும்

இதுவரை இடத்தைப் பற்றிப் பேசினோம். காலத்தைப் பற்றிய சிக்கல் இன்னும் சுவையானது.

ஓடும் நிரல்கள் தமக்கென்று சில சிறு குறிப்புகளை வைத்துக்கொள்ளும்: 'நான் இன்ன எண்ணுள்ள நிரலோட்டம்', 'என்னோடு பேச இந்த வாசலுக்கு வருக' என்பன போல. கணிப்பொறி நின்றால் இவற்றுக்குப் பொருளில்லை. இவை நெடுங்காலமாக '/வார்/ரன்' என்ற அடைவில் இருந்தன. ஆனால் /வார் என்பது வளர்ந்துகொண்டே போகும் கோப்புகளின் இடம். பல நிலையங்களில் அது தனி வட்டில் இருக்கும். சில இடங்களில் வலையமைப்பின் வழியாக வேறொரு கணிப்பொறியிலிருந்தும் வரும். அந்த வட்டைக் கண்டறிந்து பொருத்துவதற்கே சில நிரல்கள் ஓடியாக வேண்டும். அந்நிரல்களுக்கோ குறிப்பெழுத /வார்/ரன் வேண்டும். சாவி பெட்டிக்குள், பெட்டி பூட்டப்பட்டிருக்கிறது!

பொறுமையற்ற ஒரு நிரல் /வார் பொருத்தப்படும் முன்பே வேர் வட்டிலுள்ள காலி /வார் அடைவுக்குள் எழுதிவிட்டால்? பிறகு உண்மையான /வார் வந்து அதன் மேல் உட்காரும். நாட்காட்டியின் பின்னால் படம் மறைந்தது. முன்பே திறந்து வைத்திருந்த நிரல் மறைந்த கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் புதிய அடைவில் தேடி, ஒன்றும் இல்லையே என்பார்கள். இருவரும் தத்தம் அளவில் சரி.

இதற்குப் பலரும் குறுக்குவழி கண்டார்கள். கருவிக் கோப்புகளுக்கான /டெவ் அடைவு நினைவகத்தில் இருப்பது, தொடக்கத்திலேயே கிடைத்துவிடும், எழுதவும் முடியும். எனவே கருவிகளை நிர்வகிக்கும் நிரல் '/டெவ்' அடைவுக்குள் புள்ளியில் தொடங்கும் பெயரில் தன் குறிப்புகளை ஒளித்து வைத்தது. வட்டுக் கூட்டணியைக் கவனிக்கும் நிரலும் அவ்வாறே செய்தது. கருவிகளின் பட்டியலுக்குள் கருவியல்லாதவை பதுங்கிக் கிடந்தன. 2011-இல் லினக்ஸ் வெளியீட்டாளர்கள் சிலர் கூடிப் பேசி, வேருக்கு நேர்கீழே '/ரன்' என்ற புதிய அடைவை ஏற்படுத்தினர். நினைவகத் தொகுதி ஒன்று தொடக்கத்திலேயே அங்கே பொருத்தப்படும். பழைய /வார்/ரன் என்பது /ரன்னுக்கு ஓர் இணைப்பாக மாறியது. பழைய முகவரிக்கு வரும் கடிதங்களும் இப்போது சேர்ந்துவிடும். வேரடியில் இன்னொரு பெயரா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் பதுங்கிடங்கள் பலவற்றைவிடப் பலரறிந்த ஓரிடம் மேல் என்பதை நாளடைவில் எல்லாரும் ஏற்றுக்கொண்டனர். 2015-இல் வந்த கோப்பு அடுக்குத் தரநூலின் 3.0 பதிப்பு /ரன் அடைவை முறையாகச் சேர்த்துக்கொண்டது.

தொடக்க வரிசை இன்று ஏறக்குறைய இப்படி நடக்கிறது. கெர்னல் முதலில் நினைவகத்திலேயே ஒரு சிறு வேரை எழுப்புகிறது. /ப்ராக், /சிஸ், /டெவ், /ரன் எல்லாம் அங்கே பொருத்தப்படுகின்றன. உண்மையான வட்டு கண்டறியப்பட்டதும் இவை நான்கும் அப்படியே பெயர்த்தெடுக்கப்பட்டு, வட்டிலுள்ள அதே பெயருடைய காலி அடைவுகளில் மாட்டப்படுகின்றன. வேர் மாறியது நிரல்களுக்குத் தெரிவதில்லை.

ஒரே பொருள், இரண்டு பாதை

பழுதான லினக்சைச் சரிசெய்தவர்களுக்கு இன்னொரு நிலைமை தெரிந்திருக்கும். வேறொரு பென்டிரைவிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கி, பழுதான வட்டை '/எம்என்டி' என்ற இடத்தில் பொருத்தி, 'இனி இதுவே வேர்' என்று ஒரு நிரலோட்டத்திற்குச் சொல்லி உள்ளே நுழைவார்கள். உள்ளே /ப்ராக் காலி, /டெவ் காலி. பாதி வேலைகள் நடக்காது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் /ப்ராக், /சிஸ், /டெவ் ஆகியவற்றை /எம்என்டி-இன் உள்ளேயும் தெரியும்படி இரண்டாம் முறை பொருத்துவார்கள். இப்போது ஒரே பொருளுக்கு இரண்டு பாதைகள். வேலை முடிந்ததும் இவற்றைக் கழற்ற மறந்து, /எம்என்டி-இன் கீழுள்ள கோப்புகளை அழிக்கக் கட்டளையிட்டால், உண்மையான /டெவ் அடைவே காலியாகும். முதலில் கழற்று, பிறகு அழி. அழிக்கும் கட்டளையிலும் வேறு தொகுதிக்குள் நுழையாதே என்று கட்டுப்படுத்தும் விருப்பம் உண்டு. அதைச் சேர்ப்பது நலம்.

மீண்டும் எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு

எங்கள் பதிவு நிரல் எழுதியது '/டெம்ப்' அடைவில். தற்காலிகக் கோப்புகளுக்கான இடம் அது. பழைய கணிப்பொறியில் அது வட்டிலிருந்த சாதாரண அடைவு. நிறுத்தித் தொடங்கினாலும் அந்த அமைப்பு அதை உடனே துடைக்கவில்லை. எனவே பெயருக்குத்தான் தற்காலிகம் என்ற அலட்சியம் எங்களுக்குப் படிந்துவிட்டது. புதிய கணிப்பொறியில் அதே பெயரின் மேல் டெம்ப்எஃப்எஸ் என்ற நினைவகத் தொகுதி பொருத்தப்பட்டிருந்தது.

இவ்வகைத் தொகுதி புதிதன்று. சன் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் 1990 அளவிலேயே இருந்தது. லினக்சில் 2001-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து உண்டு. /டெம்ப் அடைவை அதில் வைப்பதுதான் மெல்ல மெல்லப் பரவியது. ஃபெடோரா 2013-இல் வெளியான 18-ஆம் பதிப்பில் அதை வழக்கமாக்கியது. டெபியன் நெடுங்காலம் தயங்கி, 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பில் மாறியது. நினைவகம் வட்டைவிடப் பன்மடங்கு விரைவானது; மின்சாரம் நின்றால் குப்பை தானே ஒழியும்; வட்டுக்கும் தேய்மானம் குறைவு. வழக்கமாக நினைவகத்தில் பாதி வரைதான் அது வளரலாம் என்று வரம்பும் இடுகிறார்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை உண்டாக்கி அழிக்கும் வேலைக்கு இது மிகப் பொருத்தம்.

எங்கள் வேலையோ அப்படிப்பட்டதன்று. வரிக்கு 20 பைட் வீதம் 12 மணி நேரத்திற்கு 43,200 வரிகள். மொத்தம் 8,64,000 பைட். ஒரு மெகாபைட்கூட இல்லை. நொடிக்கு 20 பைட் எழுத நினைவகத்தின் வேகம் எதற்கு? பயனில்லாத வேகத்திற்காக, இழக்கக்கூடாததைக் கொடுத்தோம். '/வார்/டெம்ப்' என்று இன்னோர் அடைவு இருக்கிறது. மறுதொடக்கத்திற்குப் பிறகும் இருக்கவேண்டிய தற்காலிகக் கோப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆனால் அதையும் சில அமைப்புகள் நாட்கணக்கில் பழையதானவற்றை நீக்கித் துப்புரவு செய்யும். அளவீடுகள் அங்கேயும் இருக்கக்கூடாது.

உங்கள் கணிப்பொறியில் நிலைமை என்ன என்று அறிய 'டிஎஃப்' கட்டளையோடு அடைவின் பாதையைக் கொடுத்தால் போதும். முதல் பத்தியில் வட்டின் பெயர் வந்தால் அது வட்டில் இருக்கிறது. 'டெம்ப்எஃப்எஸ்' என்று வந்தால் நினைவகம். இதற்கு ஐந்து நொடி ஆகும். புதிய கணிப்பொறி வந்த அன்று நான் அதைச் செய்யவில்லை.

மாணவர் பதிவு நிரலைத் தம் சொந்த அடைவுக்கு மாற்றினார். வட்டில் இருந்தால் மட்டும் போதாது, எழுதிய வரிகள் நினைவகத்தில் சிறிது நேரம் தங்கிவிட்டுத்தான் வட்டுக்குப் போகும் என்பதால், பத்து நொடிக்கு ஒருமுறை வட்டில் இறக்கிவிடும்படியும் கெர்னலைக் கேட்கும் வரி ஒன்றைச் சேர்த்தார். பிறகு எண்ணி ஓடும்போதே மின்கம்பியைப் பிடுங்கிச் சோதித்தோம். கடைசி ஏழு வரிகள் மட்டும் போயிருந்தன.

அடுத்த மழை பதினொரு நாள் கழித்துத்தான் வந்தது. இரவு எட்டரைக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் பெய்தது. அன்றும் மின்சாரம் நின்றது. மறுநாள் காலையில் நான் போனபோது மாணவர் வரைபடத்தாளில் புள்ளிகளை வைத்துக்கொண்டிருந்தார்.